கம்பி அறுந்தாலும் கத்தவேண்டும்: வீட்டு அலாரத்துக்கு ஒயரிங் செய்யும் முறை

மகா சிவராத்திரி இரவில் மதுரையின் பல தெருக்களில் வரிசையாகப் பூட்டுத் தொங்கும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று அவரவர் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள், விடிந்துதான் திரும்புவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு எதிர்சேவை நடக்கும் இரவும் அப்படித்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சிவராத்திரி கழிந்த காலையில் திருநகர்ப் பக்கமிருந்து எனக்கு போன் வந்தது. நான் அலாரம் மாட்டிக்கொடுத்த வீடு. யாரோ பின்கதவை நெம்பித் திறந்து, சமையலறை வழியாகப் பூஜை அறைக்குள் போய் வெள்ளிச் சாமான்களை அள்ளிப்போயிருந்தார்கள். பட்டாசாலையில் இருந்த சென்சார் பக்கம் அவர்கள் வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது, சென்சார் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் பின்கதவுக்கான விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கதவோ விரியத் திறந்து கிடந்தது. "மணி அடிக்கவே இல்லையே தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா. ஏன் அடிக்கவில்லை என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பரணில் எலி ஒயரைக் கடித்து, உள்ளே இருந்த இரண்டு செம்புக் கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கதவு திறந்தாலும் சுற்று மூடியே இருப்பதாகப் பேனல் நம்பிக்கொண்டிருந்தது. கதவருகே வைக்க வேண்டிய சிறிய ரெசிஸ்டர் (மின்சாரத்துக்குத் தடை தரும் பாகம்) ஒன்றை, வேலை சுலபமாக முடியுமே என்று நான் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்திருந்தேன். அது கதவருகே இருந்திருந்தால் எலி கடித்த அன்றே பேனல் கூச்சல் போட்டிருக்கும்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்வியோடுதான் வேலையைத் தொடங்குகிறேன். இந்த ஒயர் அறுந்தால், ஒட்டினால், மின்சாரம் போனால், பேட்டரி செத்தால் எனக்குத் தெரியவருமா? புதிதாக இந்த வேலையைக் கற்கிறவர்களுக்கும், சொந்த வீட்டுக்குத் தாங்களே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கும் அந்தக் கேள்வியை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே விளக்கப்போவது 12 வோல்ட் பக்கத்து வேலை மட்டும். பேனலுக்கு வரும் 230 வோல்ட் இணைப்பை, தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் ஆகியவற்றோடு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். பின்னால் சொல்லும், மின்சாரத்தோடு செய்ய வேண்டிய சோதனைகளைத் தவிர, பேனல் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

முதலில் தாளில் வரையுங்கள்

ஒரு சாதாரண வீட்டுக்குத் தேவையானவை இவை: கண்ட்ரோல் பேனல், எண்கள் அழுத்தும் கீபேட், கதவுகளுக்குக் காந்த சென்சார், அறைகளுக்கு ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் பி.ஐ.ஆர். சென்சார், சைரன், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, போன் செய்ய சிம் போடும் ஜி.எஸ்.எம். பகுதி. கேமரா இதில் சேராது. நடந்ததைக் காட்டுவது கேமரா; நடக்கும்போதே ஊரைக் கூட்டுவது அலாரம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனி பவர் சப்ளை கொடுங்கள்.

துளைபோடும் டிரில்லை எடுப்பதற்கு முன் வீட்டை வெளியிலிருந்து ஒருமுறை சுற்றி வாருங்கள். முன்வாசலுக்கு இரும்பு கிரில், அதற்குள் தேக்குக் கதவு, இரண்டு பூட்டு என்று செலவு செய்தவர்கள், மாடிப்படியின் உச்சியில் இருக்கும் கதவை ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டுவைத்திருப்பார்கள். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு மொட்டைமாடியில் ஏறியவனுக்கு அந்த வரிசை முழுவதும் வழிதான். புறநகரில் தனி வீடாக இருந்தால் பின்வாசலும் குளியலறை ஜன்னலும்தான் பலவீனம். எனவே முதல் சென்சார் மாடிக்கதவுக்கு, இரண்டாவது பின்வாசலுக்கு, மூன்றாவதுதான் முன்வாசலுக்கு என்று நான் கணக்குப்போடுவேன்.

வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கையாலேயே வரைந்து, ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண் கொடுங்கள். பேனலில் ஒவ்வொரு சென்சாரும் வந்து சேரும் இடத்துக்கு ஜோன் என்று பெயர். ஒரு கதவுக்கு ஒரு ஜோன் என்று வைத்துக்கொள்வது நல்லது. மூன்று ஜன்னல்களை ஒரே ஜோனில் கோத்துவிட்டால், பிறகு பழுது வரும்போது எந்த ஜன்னலென்று தேடி அலைய வேண்டும்.

பேனலை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் வையுங்கள். பீரோ அறையின் உட்சுவர், படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலமாரி போன்றவை ஏற்றவை. வெயில் இறங்கும் மேற்குச் சுவர் வேண்டாம்; காரணத்தைப் பேட்டரி பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன். கீபேட் மட்டும் முன்வாசலுக்கு அருகே, உள்பக்கத்தில் இருக்கட்டும்.

கம்பியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்

டவுன்ஹால் ரோடு பக்கம் கடைக்குப் போய் "அலாரம் கேபிள்" என்று கேட்டால் நான்கு கோர், ஆறு கோர் என்று எடுத்துப்போடுவார்கள். கோர் என்பது கேபிளுக்குள் இருக்கும் தனித்தனிக் கம்பி. விலை மிகவும் குறைவாக இருந்தால் ஒரு பிளேடால் கம்பியின் மேற்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவந்திருந்தால் முழுச் செம்பு. வெள்ளையாகப் பளிச்சிட்டால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; அதோடு, திருகுக்கடியில் இரண்டு முறை அழுத்தினாலே முறிந்துவிடும். சுவருக்குள் போய்விட்ட ஒயரை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சென்சாருக்கு மெல்லிய கம்பி போதும். ஒரு பி.ஐ.ஆர். சுமார் 15 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். சைரன் அப்படியில்லை. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. 0.22 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.078 ஓம் தடை. சைரன் 25 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 50 மீட்டர். மொத்தத் தடை 3.9 ஓம். சைரன் அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே ஏறத்தாழ 2 வோல்ட் விழுந்துவிடும். மின்சாரம் போன நேரத்தில் பேட்டரி தருவதே 12 வோல்ட். சைரனுக்குப் போய்ச் சேர்வது 10. ஊரை எழுப்ப வேண்டியது முனகும். அதே தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட்கூட இல்லை. ஆகவே சென்சார்களுக்கு அலாரம் கேபிள், சைரனுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று தனித்தனியாக வாங்குங்கள்.

இந்த ஒயர்களை வீட்டு மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே நுழைத்துவிடலாம் என்று தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். காப்பு உரிந்தால் 230 வோல்ட் கீபேட்வரை வந்து நிற்கும். தனிப் பைப் போட்டு, மின்சாரப் பைப்புக்கு இணையாக ஓடும் இடங்களில் ஓரடி தள்ளியும், கடக்க வேண்டிய இடங்களில் குறுக்காகவும் கொண்டுபோங்கள். நிறக் குழப்பத்திலும் கவனம் தேவை. 12 வோல்ட் பக்கம் கறுப்பு என்பது மைனஸ்; வீட்டு ஒயரிங்கில் கறுப்பு என்பது நியூட்ரல். பச்சை, எர்த்துக்கு உரியது. அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

ஒயரின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். சாதாரணக் காகிதத்தில் எழுதி அதன்மேல் கண்ணாடி டேப் சுற்றினால்கூடப் போதும். பேனலுக்குள் எட்டு கேபிள் ஒரே நிறத்தில் வந்து நிற்கும்போது இதன் அருமை தெரியும். பரணிலும் ஓட்டுக்கூரையிலும் ஒயர் திறந்தபடி போகக் கூடாது. எலியும் அணிலும் கடிக்காத இடம் நம் ஊரில் இல்லை. அழகர்கோவில் பக்கத்து வீடுகளில் குரங்கு மாடி ஒயரைப் பிடித்து ஊஞ்சல் ஆடும். அங்கே வெளியில் போகும் ஒயருக்கு இரும்புப் பைப்பே சரி.

ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம்

இதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள்.

காந்த சென்சாரில் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒயர் உள்ள துண்டு கதவு நிலைச்சட்டத்தில். காந்தம் உள்ள துண்டு கதவில். கதவு மூடியிருக்கும்போது காந்தம் அருகில் இருப்பதால் உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் ஒட்டி, மின்சாரம் ஓடும். கதவு திறந்தால் தகடுகள் விலகி, சுற்று அறுந்து, பேனல் விழித்துக்கொள்ளும். அமைதியாக இருக்கும்போது மூடியிருக்கும் இந்தச் சுற்றை என்.சி. என்பார்கள். ஒருவன் ஒயரை வெட்டினாலும் சுற்று அறும், அலாரம் அடிக்கும். இதுவரை நல்லது.

ஆனால் வெட்டாமல் இரண்டு கம்பிகளையும் ஒட்டிவிட்டால்? எலி செய்ததைத் திருடனும் செய்யலாம். சுற்று எப்போதும் மூடியே இருக்கும். அதற்காகத்தான் கடைசி முனை ரெசிஸ்டர். பேனலோடு ஒரு சிறு பொட்டலத்தில் இவை வரும். எத்தனை ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 2.2 கிலோ ஓம், 4.7, 5.6, 10 என்று பலவகை உண்டு. உங்கள் பேனலின் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம். பொட்டலம் கலந்துவிட்டால் நிறவரிகளைப் பார்த்துப் பிரியுங்கள். மூன்று சிவப்பும் ஒரு தங்கமும் என்றால் 2.2 கிலோ ஓம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4.7. பச்சை, நீலம், சிவப்பு என்றால் 5.6. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10.

அந்த ரெசிஸ்டரைக் கதவு முனையில், சென்சாருக்குத் தொடராக இணைத்தால் பேனல் மூன்று நிலைகளைப் பிரித்தறியும். குறிப்பிட்ட ஓம் தெரிந்தால் எல்லாம் நலம். தடை எல்லையில்லாமல் போனால் கதவு திறந்திருக்கிறது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. தடை பூஜ்யமானால் யாரோ, எதுவோ ஒயரை ஒட்டியிருக்கிறது. ரெசிஸ்டரைப் பேனலுக்குள் வைத்தால் இந்த மூன்றாவது நிலை காணாமல் போய்விடும். வழியில் கம்பிகள் ஒட்டினாலும் பேனலுக்குத் தன்னிடம் இருக்கும் ரெசிஸ்டரே தெரியும், நலமென்றே நினைக்கும். இன்றைக்கும் பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் பேனலைத் திறந்தால் எட்டு ரெசிஸ்டர்களும் உள்ளேயே வரிசையாக நிற்பதைப் பார்க்கிறேன். அவற்றை ஒவ்வொன்றாகக் கதவுக்கு மாற்றிய பிறகே அங்கிருந்து கிளம்புகிறேன்.

கையால் செய்யும் விதம் இதுதான். கேபிளின் மேலுறையை இரண்டங்குலம் உரித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியைச் சென்சாரின் ஒரு ஒயரோடு நேரடியாகச் சேருங்கள். இன்னொரு கம்பிக்கும் சென்சாரின் மற்றொரு ஒயருக்கும் நடுவே ரெசிஸ்டர் வர வேண்டும். சேர்ப்பதற்கு முன்னரே மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் குழாய்த் துண்டை ஒயரில் நுழைத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு நினைவுக்கு வந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். ரெசிஸ்டரின் காலை ஒயர் முனையோடு நான்கு சுற்றுச் சுற்றி, சால்டர் வைத்து, ஈயம் கம்பி இழைகளுக்குள் இறங்கிப் பளபளப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள், மறுபடி சூடுகாட்டுங்கள். பிறகு குழாயை இழுத்து மூடி லைட்டரால் சுருக்குங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அதன் பசை இளகி, ஒரே கோடையில் நழுவிவிடும்.

காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே அட்டையில் குறித்த இடைவெளியில் பாதியை மட்டும் பயன்படுத்துங்கள். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதும்; வெயிலில் சுருங்கும். இடைவெளியை எல்லைவரை இழுத்துவைத்தால் கதவு பருவத்துக்குப் பருவம் பொய்யலாரம் தரும். இரும்பு கிரில்லிலும் இரும்புக் கதவிலும் சாதாரண பிளாஸ்டிக் சென்சார் வேண்டாம். இரும்பு காந்தத்தின் வலுவைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்கென்றே உள்ள கனமான உலோக சென்சாரைக் கேட்டு வாங்குங்கள்.

பி.ஐ.ஆர்.: கோடையும் பல்லியும்

பி.ஐ.ஆர். மனித உடலின் வெப்பம் நகர்வதைப் பார்க்கும் கருவி. தரையிலிருந்து ஏழு, எட்டு அடி உயரத்தில், அறையின் மூலையில் மாட்டுங்கள். ஆள் அதை நோக்கி நேராக நடந்து வருவதைவிடக் குறுக்கே கடப்பதை அது நன்றாகப் பிடிக்கும். ஆகவே வாசலைப் பார்த்தபடி வைக்காமல், வாசலிலிருந்து வருகிறவன் குறுக்கே கடக்கும்படி வையுங்கள். வெயில் விழும் ஜன்னல், ஏ.சி. காற்று வாய், பிரிட்ஜின் பின்பக்கம், அணையாமல் விளக்கெரியும் பூஜை அறை வாசல் ஆகியவை அதன் பார்வையில் படக் கூடாது.

மதுரையில் இருப்பவர்கள் கூடுதலாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கருவி சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. சித்திரை மாதத்தில் மூடிய வீட்டுக்குள் வெப்பம் 36, 37 டிகிரியைத் தொடும். மனித உடல் தோலின் வெப்பமும் அதையொட்டித்தான். அந்த நேரத்தில் பி.ஐ.ஆர். மந்தமாகிவிடும். மார்கழியில் சோதித்துவிட்டு எல்லாம் சரியென்று இருந்துவிடாதீர்கள். வாங்கும்போதே வெப்ப ஈடுசெய்யும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். கோடையில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஜன்னல்களை மூடி வைத்து ஒருமுறை நடந்து சோதியுங்கள். அலாரம் முழுவதையும் பி.ஐ.ஆர். மேல் சாய்க்காமல் கதவு சென்சாரை முதன்மையாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

உள்ளே மூன்று ஜோடித் திருகுகள் இருக்கும்: பிளஸ், மைனஸ், அலாரம் தொடர்பு இரண்டு, டாம்பர் இரண்டு. டாம்பர் என்பது யாராவது மூடியைத் திறந்தால் அறுந்து சொல்லும் சிறிய பொத்தான். நான்கு கோர் கேபிளிலேயே இவை அனைத்தையும் அடக்கும் வழி இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் பவருக்கு. மூன்றாவது கம்பியை அலாரத்தின் முதல் திருகில் கொடுங்கள். அலாரத்தின் இரண்டாவது திருகுக்கும் டாம்பரின் முதல் திருகுக்கும் நடுவே ரெசிஸ்டரைப் பாலமாக மாட்டுங்கள். டாம்பரின் இரண்டாவது திருகிலிருந்து நான்காவது கம்பி பேனலுக்குத் திரும்பட்டும். அலாரம், ரெசிஸ்டர், டாம்பர் மூன்றும் ஒரே கோவையில் வந்துவிடும், சால்டரும் தேவையில்லை. இதில் ஒரு குறை: அலாரம் போடாத பகல் வேளையில் யாராவது மூடியைத் திறந்தால் சைரன் அடிக்காது. வீட்டில் வேலையாட்கள் அதிகம் வந்துபோவார்கள் என்றால் ஆறு கோர் கேபிள் போட்டு, டாம்பரைத் தனியாக, அலாரம் போடாதபோதும் விழித்திருக்கும் 24 மணி நேர ஜோனில் கொடுங்கள்.

பெரும்பாலான பி.ஐ.ஆர்.களில் மின்சாரம் இருக்கும்வரைதான் அலாரம் தொடர்பு மூடியிருக்கும். பவர் ஒயரை யாராவது வெட்டினாலும் தொடர்பு விலகி, பேனலுக்குச் செய்தி போய்விடும். வாங்கியதும் மேசைமேல் வைத்து, பவரைப் பிடுங்கி, மல்டிமீட்டரில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயர் நுழையும் துளையை சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். எறும்பு உள்ளே கூடு கட்டினால் நள்ளிரவில் காரணமே இல்லாமல் அடிக்கும். லென்ஸ் மேல் பல்லி ஊர்ந்தாலும் அடிக்கும். சுவர் விளக்குக்குப் பக்கத்தில் மாட்டாமல் இருந்தால் பூச்சியும் வராது, அதைத் தேடிப் பல்லியும் வராது. பொய்யலாரம் மூன்று முறை அடித்துவிட்டால் நான்காவது முறை பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வரமாட்டார்.

கீபேட், சைரன், அவசரப் பொத்தான்

கீபேட் இணைப்பு எளிது. நான்கு ஒயர்: பிளஸ், மைனஸ், இரண்டு தகவல் கம்பிகள். பேனலில் எந்த எழுத்து போட்டிருக்கிறதோ அதே எழுத்துக்குக் கீபேடில் கொடுங்கள்.

சைரனில் ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றை வெளியே கைக்கு எட்டாத உயரத்திலும் வையுங்கள். வெளிச் சைரனின் ஒயர் வெளிச்சுவரில் தொங்கக் கூடாது. சுவரைத் துளைத்து நேரே பெட்டியின் முதுகுக்குள் நுழைய வேண்டும். ஒயரை வெட்டினால் சைரன் ஊமையாகிவிடாதா என்று கேட்பீர்கள். அதற்காகத் தனக்குள்ளேயே சிறு பேட்டரி வைத்த சைரன்கள் கிடைக்கின்றன. பேனலிலிருந்து வரும் மின்னழுத்தம் நின்றதும் அவை தாமாகவே அடிக்கும். விலை கூடுதல்தான், மதில்மேல் நின்றால் கைக்கு எட்டும் உயரத்தில் சைரன் அமையும் வீட்டுக்கு இதைத்தான் போடச் சொல்வேன்.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கட்டிலருகே அவசரப் பொத்தான் ஒன்று அவசியம். இது வழக்கமாகத் திறந்திருந்து அழுத்தினால் மூடும் வகை, என்.ஓ. என்பார்கள். இங்கே ரெசிஸ்டர் தொடராக வராது. பொத்தானின் இரண்டு திருகுகளுக்கும் குறுக்கே, பொத்தானிலேயே இணைக்க வேண்டும். இந்த ஜோனை 24 மணி நேரமும் விழித்திருக்கும்படி அமையுங்கள். ஓர் அப்பத்தாவுக்கு இதை மாட்டிக்கொடுத்தபோது, எழுந்து உட்கார்ந்து எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டேன். படுத்தபடியே கை நீட்டித் தொட முடிகிறதா என்று அவர் முயன்று பார்த்தார், முடியவில்லை. அரை அடி கீழே இறக்கினேன். பொத்தானின் உயரத்தை அதை அழுத்தப்போகிறவரைப் படுக்கவைத்துக் குறியுங்கள்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

எல்லா ஒயர்களும் பேனல் பெட்டிக்குள் வந்துவிட்டன. இன்னும் எதையும் திருகாதீர்கள். எல்லாக் கதவுகளையும் மூடச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒவ்வொரு கதவு ஜோனின் இரண்டு கம்பிகளையும் அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் 2.2 கிலோ ஓம் என்றால், 5 சதவீத வேறுபாட்டை அனுமதித்து 2,090 முதல் 2,310 ஓம் வரை காட்டலாம். ஒயரின் தடையாகச் சில ஓம் கூடலாம். கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எல்லையில்லாத் தடை காட்ட வேண்டும். மூடியும் 2,600, 2,800 என்று ஏறி இறங்கினால் எங்கோ ஒரு சேர்ப்பு தளர்ந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பத்து நிமிட வேலை. பி.ஐ.ஆர். ஜோன்களை மின்சாரம் வந்த பிறகுதான் இப்படிப் பார்க்க முடியும்.

அளந்த எண்களை அந்த வரைபடத் தாளிலேயே எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பழுதென்று வரும்போது, அன்று எவ்வளவு இருந்தது என்பதுதான் முதல் துப்பு.

பிறகு திருகுங்கள். இழைக்கம்பியின் முனையை மடித்து இரட்டையாக்கி நுழைத்தால் திருகு நன்றாகப் பிடிக்கும். திருகிய பின் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு இழைகூடப் பக்கத்துத் திருகைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

முதலில் 230 வோல்ட்டைக் கொடுங்கள். பேட்டரி மாட்டும் முனைகளில் சுமார் 13.8 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு, சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு என்று பேட்டரியை இணையுங்கள். பல பேனல்கள் பேட்டரியில் மட்டும் உயிர்பெறாது. எனவே இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பி.ஐ.ஆர். நிலைகொள்ள ஒரு நிமிடமாவது ஆகும். அதுவரை கைகட்டி நில்லுங்கள்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? பேனல் 100 மில்லி ஆம்பியர், கீபேட் 40, இரண்டு பி.ஐ.ஆர். 30, ஜி.எஸ்.எம். 50 என்று வைத்தால் மொத்தம் 220. ஏழு ஆம்பியர்-அவரை, அதாவது 7,000 மில்லி ஆம்பியர்-அவரை, அதனால் வகுத்தால் காகிதத்தில் ஏறத்தாழ 32 மணி நேரம் வரும். நடைமுறையில் 20 மணி நேரத்தை நம்பலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நின்றால்கூட நல்ல பேட்டரிக்கு அது பொருட்டில்லை. கெடுப்பது வெப்பம்தான். 25 டிகிரிக்குக் கணக்கிட்ட ஆயுள், ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் வழங்கும் கணக்கு. மேற்குச் சுவரில் பேனல் வேண்டாம் என்றது இதற்காக. மாட்டிய தேதியைப் பேட்டரியின்மேல் மார்க்கரால் எழுதி, இரண்டு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

ஜி.எஸ்.எம். பகுதியில் இரண்டு இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பழைய கருவிகள் 2ஜி அலையில் மட்டும் பேசுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் அவற்றில் எடுக்காது. 4ஜி கருவி வாங்குங்கள், அல்லது 2ஜி தரும் சிம் போடுங்கள். அடுத்தது ரீசார்ஜ். 28 நாள் திட்டம் போட்டுவிட்டு மறந்துபோன சிம், திருடன் வரும் அன்று ஒரு அழைப்பும் செய்யாது. வருடாந்திரத் திட்டமாகப் போட்டு, முடியும் தேதியையும் தாளில் எழுதுங்கள். முதல் எண் வீட்டுக்காரருடையது. இரண்டாவது எண் அதே தெருவில் இருப்பவருடையதாக இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் மகனுக்கு அழைப்பு போனால் அவரால் பதற மட்டுமே முடியும். பக்கத்து வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு, கதவைத் திறக்காமல், 100 அல்லது 112க்கு அழைத்தால் போதும். அலாரம் கேட்டு யாரும் தனியாக உள்ளே நுழைய வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஒப்படைக்கும் நாள்

நுழைவு அவகாசத்தை, அதாவது கதவைத் திறந்தபின் ரகசிய எண்ணை அழுத்தக் கிடைக்கும் நேரத்தை, முன்வாசலுக்கு மட்டும் கொடுங்கள். 30 விநாடி தாராளம். மாடிக்கதவும் பின்வாசலும் திறந்த கணமே அடிக்க வேண்டும்.

பிறகு சோதனை. கதவைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்துகிறவர்கள் அதிகம். நான் செய்வது வேறு. ஒரு ஜோனின் கம்பியைப் பேனலில் கழற்றுகிறேன். பேனல் சொல்கிறதா என்று பார்க்கிறேன். மாட்டிவிட்டு, அதே ஜோனின் இரு திருகுகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒட்டுகிறேன். அதையும் சொல்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு எம்.சி.பி.யை இறக்கி, பேட்டரியில் மட்டும் சைரனை அடிக்கவிட்டு, முழுக்குரலில் அடிக்கிறதா என்று தெருவில் நின்று கேட்கிறேன். மின்சாரத்தை மறுபடி கொடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, கீபேடில் எச்சரிக்கை வருகிறதா என்று காத்திருக்கிறேன். சில பேனல்கள் பேட்டரியைக் கவனிக்க நேரம் எடுத்துக்கொள்ளும், பொறுத்துப் பாருங்கள். இவற்றில் எதிலாவது பேனல் மௌனமாக இருந்தால் வேலை முடியவில்லை.

கடைசிச் சுற்றை வீட்டில் இருப்பவர்களே செய்ய வேண்டும். பெரும்பாலும் அலாரத்தைப் போடுவதும் எடுப்பதும் வீட்டு அம்மாவாகத்தான் இருக்கும். ஆனால் விளக்கத்தை எல்லோரும் ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் கீபேடை அவர் கையிலேயே விட்டுவிடுவேன். ரகசிய எண்ணை அவரே வைத்துக்கொள்ளட்டும். பேனலோடு வந்த 1234 போன்ற எண்களையும், அலாரம் மாட்டுகிறவர்கள் பயன்படுத்தும் பொறியாளர் எண்ணையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் எதிரில் மாற்றினாலும் நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

வரைபடத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து பார்ப்பதும், எம்.சி.பி.யை இறக்கிப் பேட்டரியைச் சோதிப்பதும் வீட்டாரின் வேலை. சிவராத்திரிக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ வீட்டைப் பூட்டிக் கிளம்புவதாக இருந்தால், அந்தச் சோதனையை முந்தைய நாள் வைத்துக்கொள்ளாமல் ஒரு வாரத்துக்கு முன்பே செய்துவிடச் சொல்லுங்கள்; பேட்டரி போயிருந்தால் புதிது வாங்கி மாட்டி, நிறைய சார்ஜ் ஏற அவகாசம் இருக்கும்.